மதகின் சாவியைக் கேட்டார்கள்!

ஒப்பாரி கேட்கிறது, தோழர்களே! இழவு வீடு எதுவோ, இறந்தவர் எவரோ என்று பதைபதைத்து எட்டிப் பார்த்தால், அங்கே பட்டு விரிப்பு இருக்கிறது. பன்னீர்ச் செம்பு இருக்கிறது. மாரடித்து அழுவோர் விரல்களிலே வைர மோதிரம் மின்னுகிறது! மாண்டவர் எவருமில்லை. நின்றுபோனது ஒரு கலியாணம்! நாலாயிரம் கோடி டாலர் சீர்வரிசையோடு நடக்கவிருந்த கலியாணம்! அது நின்று ஆண்டுகள் சில ஓடிவிட்ட பின்னும், சர்க்கார்கள் குறுக்கே வந்தன, அறிவியல் அழிந்தது, வளர்ச்சி வாடிற்று என்று வணிக உலகின் வாடகைப் பேனாக்கள் வாய்விட்டு அழுகின்றன. இரண்டு பெரிய கணிப்பொறி நிறுவனங்கள் ஒன்றாவது பற்றிப் பேச்செழும்போதெல்லாம், இந்தப் பழங்கதையைத் தூக்கிவந்து நடு வீதியில் கிடத்தி, "பார், கட்டுப்பாடு செய்த கேட்டைப் பார்!" என்கிறார்கள்.

பார்ப்போம். நன்றாகவே பார்ப்போம்.

2020 செப்டம்பர் 13ஆம் நாள் அறிவிப்பு வந்தது. அமெரிக்காவின் என்விடியா நிறுவனம், ஜப்பானிய சாஃப்ட்பேங்கின் கையிலிருந்த ஆர்ம் என்னும் பிரிட்டிஷ் நிறுவனத்தை, 4,000 கோடி டாலர் வரை கொடுத்து வாங்கிக்கொள்ளும் என்றார்கள். விற்பவர் மசயோஷி சன். வாங்குபவர் ஜென்சன் ஹுவாங். பதினேழு மாதங்கள் கழிந்தன. 2022 பிப்ரவரி 8ஆம் நாள் இரு தரப்பாரும் பேரத்தைக் கைவிட்டனர். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்கே தொடுத்துவிட்டது. பிரிட்டனில் முழு விசாரணை. ஐரோப்பிய ஆணையத்தில் இன்னொரு விசாரணை. சீனத்தின் ஒப்புதலோ கடைசிவரை வந்து சேரவில்லை. 'தடை' என்று எவரும் தீர்ப்பெழுதி முடிக்கும் முன்பே, மாப்பிள்ளை வீட்டார் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்!

கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். பொருளாதாரப் பட்டம் எதுவும் என் வீட்டுச் சுவரில் தொங்கவில்லை. ஆனால், ஏரிப் பாசனம் நடக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இந்த விவகாரம் விளங்கப் பட்டம் தேவைப்படாது.

ஆர்ம் என்பது என்ன? கடைத்தெருவிலே 'சிப்' என்கிறோமே, கைப்பேசிக்குள் மூளையாக அமர்ந்திருக்கும் அந்தச் சில்லு, அதைச் செய்து விற்றுப் பிழைத்த நிறுவனமன்று அது. அது விற்றது வரைபடம்! மேஸ்திரிக்கு வீட்டின் வரைபடம் எப்படியோ, சில்லு செய்பவனுக்கு ஆர்மின் வரைபடம் அப்படி. 1980களில் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகான் என்றொரு சிறு கணிப்பொறி நிறுவனம் இருந்தது. அங்கே சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்ற இருவர் வடித்த செயலி 1985இல் உயிர்பெற்றது. அது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று அளந்து பார்த்தார் ஃபர்பர். அளவி பூச்சியம் காட்டியது! சில்லோ ஓடிக்கொண்டிருக்கிறது! பிறகுதான் தெரிந்தது, அதற்கு மின்சாரம் தரும் இணைப்பே கொடுக்கப்படவில்லை என்று. பக்கத்துச் சுற்றுகளிலிருந்து கசிந்து வந்த மின்னோட்டத்தை உண்டே அது வேலை செய்திருக்கிறது. அத்தனை சிக்கனம்! சட்டைப் பையில் பொருத்திக்கொள்ளும் தொலைபேசி என்றொன்று பின்னாளில் வந்தபோது, உலகம் தேடி அலைந்த குணம் அந்தச் சிக்கனமே.

1990 நவம்பரில் ஏகான், ஆப்பிள், வி.எல்.எஸ்.ஐ. ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தனி நிறுவனமாக்கின. பொறியாளர்கள் பன்னிரண்டு பேர். இடமோ, கேம்பிரிட்ஜை அடுத்த ஸ்வாஃபம் பல்பெக் என்னும் சிற்றூரில் ஒரு பழைய தானியக் கொட்டகை! அந்தக் கொட்டகையில் பிறந்த நிறுவனத்தின் வரைபடங்களைக் கொண்டு 2020ஆம் ஆண்டுக்குள் உலகெங்கும் உருவான சில்லுகள் 18,000 கோடிக்கு மேல். ஆப்பிள் அதனிடம் வாங்கியது, சாம்சங் வாங்கியது, குவால்காம் வாங்கியது, அமேசான் வாங்கியது, ஏன், என்விடியாவே வாங்கியது! ஒருவருக்கொருவர் கழுத்தை நெரிக்கும் போட்டியாளர்கள் அத்தனை பேரும் ஒரே வாசலில் வந்து நின்றார்களே, எதனால்? அந்த வாசலுக்குரியவன் எவனுக்கும் போட்டிக்காரனாக இல்லை. சில்லுத் தொழிலின் ஸ்விட்சர்லாந்து என்று அதற்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

நம் ஊர் மொழியில் சொன்னால், அது ஏரிக்கரையின் நீர்க்கட்டி. மதகைத் திறப்பான், அடைப்பான்; முறை வைத்து எல்லா வயலுக்கும் தண்ணீர் விடுவான்; அறுவடையிலே ஒவ்வொரு களத்திலும் மரக்கால் நெல் வாங்கிக்கொள்வான். ஐந்து வேலிக்காரனுக்கும் அவனே, அரைக்காணிக்காரனுக்கும் அவனே. அவனுக்கென்று அந்த ஏரிப் பாசனத்தில் ஒரு சாண் வயல் கிடையாது. அதுதான் அவனுடைய தகுதி!

நாடகக்காரன் அல்லவா? காட்சி போடாமல் கை ஓயவில்லை. இதோ ஊர்ச் சாவடி. நடுவிலே பண்ணையார். சுற்றிலும் உழவர்கள்.

பண்ணையார்: ஊரார்களே! நல்ல சேதி சொல்லத்தான் அழைத்தேன். இந்த நீர்க்கட்டியை இன்று முதல் என் பண்ணையாளாக வைத்துக்கொள்ளப் போகிறேன். மதகுச் சாவி இனி என் வீட்டு ஆணியில் தொங்கும். அவ்வளவுதான்!

உழவன்: ஐயா, எங்கள் வயலுக்குத் தண்ணீர்?

பண்ணையார்: வரும் அப்பா, எப்போதும்போல் வரும்! ஏரியை நான் ஒருவனே குடித்துவிடுவேனா?

உழவன்: நாங்கள் அளக்கும் மரக்கால் நெல்?

பண்ணையார்: அதையும் எப்போதும்போல் அளந்துவிடு. என் களத்தில்.

உழவன்: இன்னொன்று, ஐயா. எந்த வயலில், எந்த நாளில், என்ன விதை தெளிக்கப் போகிறோம் என்பதை நாங்கள் நீர்க்கட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோமே...

பண்ணையார்: (சிரித்து) அது என் காதுக்கு வராது. சத்தியம்!

காட்சி முடிந்தது. கொட்டகையில் இருப்போர் சிரிக்கிறார்கள். தரை டிக்கெட்டுக்காரனுக்கும் புரிந்துவிட்டது, பண்ணையார் எதை வாங்குகிறார் என்று!

அந்த உழவன் கேட்டதைத்தான் வாஷிங்டனில் ஆணையம் வழக்கு மனுவாக எழுதியது. 2021 டிசம்பர் 2ஆம் நாள், நான்கு ஆணையரும் ஒருமனதாகத் தொடுத்த வழக்கு அது. மூன்று களங்களைச் சுட்டிக் காட்டியது: கார் ஓட்டுவோருக்கு உதவும் கருவிகளின் சில்லுகள், தரவு மையங்களின் வலைப்பின்னல் கருவிகள், இணையவழிக் கணிப்புச் சேவை நடத்தும் நிறுவனங்களுக்கான செயலிகள். இம்மூன்றிலும் என்விடியா ஆர்மின் வாடிக்கையாளர்களோடு மோதுகிறது அல்லது மோதவிருக்கிறது. மோதுகிறவன் கையிலே எதிரியின் உலைக்களம் போய்ச் சேரலாகாது என்பது வாதத்தின் சாரம். இன்னும் ஒன்று சொன்னது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்மிடம் வரைபடம் வாங்குவோர் தங்கள் எதிர்காலத் திட்டங்களையெல்லாம் அதனிடம் இரகசியமாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். நாளை அந்த இரகசியம் யாருடைய மேசைக்குப் போகும்? பிரிட்டனில் 2021 ஆகஸ்டில் வெளிவந்த முதற்கட்ட அறிக்கையும் இதே அச்சத்தைச் சொல்லிற்று. அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் ஆழ்ந்த விசாரணையைத் தொடங்கிற்று. நவம்பரில் பிரிட்டிஷ் அமைச்சர் நடீன் டோரிஸ், போட்டிக்குக் கேடு வருமா, நாட்டுப் பாதுகாப்புக்குக் கேடு வருமா என்று இரண்டையும் சேர்த்து ஆராய ஆணையிட்டார்.

என்விடியா என்ன சொல்லிற்று? எல்லோருக்கும் தருவோம், எப்போதும் தருவோம், நடுவிலே சுவர் எழுப்புவோம் என்றது. வாக்குறுதி!

வாக்குறுதியின் விலை என்ன என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் வாட்ஸப்பை விலை பேசியபோது ஐரோப்பிய ஆணையம் ஒரு கேள்வி கேட்டது: இவனுடைய கணக்கையும் அவனுடைய கணக்கையும் தானாக ஒன்றோடொன்று பொருத்த உங்களால் இயலுமா? நம்பத்தக்க முறையில் இயலாது என்றார்கள். அனுமதி கிடைத்தது. 2016இல் பொருத்தத் தொடங்கினார்கள்! 2017 மே மாதம் ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது, தவறான தகவல் தந்ததற்காக. இணைப்பு? அது அப்படியே இருந்தது! அபராதம் கட்டிவிட்டு, அணைத்துக்கொண்டதை விடாமல் போய்விட்டார்கள்.

ஆனால் ஆர்ம் விவகாரத்தில் வாக்குறுதியை மீற வேண்டிய தேவைகூட இல்லை, தோழர்களே! இங்கேதான் நுட்பம் இருக்கிறது. பண்ணையார் தண்ணீரை நிறுத்த மாட்டார். நிறுத்தினால் ஊர் கூடும், பஞ்சாயத்து வரும். பத்து நாள் தாமதமாகத் திறப்பார். "மதகுப் பலகை ஊறிவிட்டது, தச்சனுக்குச் சொல்லியிருக்கிறேன்" என்பார். பத்து நாளில் நாற்று வெளுக்கும். இருபது நாளில் குறுவை கருகும். எந்த நீதிமன்றம் அதைக் குற்றமென்று நிறுவும்? புதிய வரைபடம் தன் வீட்டுப் பொறியாளனுக்கு முன்பும் மற்றவனுக்குப் பின்பும் போகும். ஐயம் கேட்டு எழுதும் போட்டியாளனுக்கு ஆறு வாரம் கழித்து மறுமொழி வரும். அவனுக்கு வேண்டிய திருத்தம், செய்ய வேண்டியவற்றின் பட்டியலிலே கடைசி வரியில் கிடக்கும். ஆண்டுக்கொரு புதுச் சில்லு வரும் தொழிலிலே ஆறு மாதம் பிந்தியவன் பிணம்! இத்தனையையும் கண்காணிக்க ஆணையம் ஒரு காவலாளியை, இரவு பகலாக, ஒவ்வொரு பொறியாளன் தோளுக்குப் பின்னாலும், என்றென்றைக்கும் நிறுத்த வேண்டும். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டுப் பூனைக்குக் காவல் தேடுகிற வேலை! அதைவிடச் சாவியைக் கொடுக்காமலிருப்பது எளிதன்றோ?

"முதலில் சேரட்டும், தீங்கு தெரிந்தால் பின்னால் பிரித்துக்கொள்ளலாம்" என்று ஞானம் பேசுவோர் உண்டு. அவர்களுக்கும் அமெரிக்காவிலேயே விடை இருக்கிறது. 2012இல் இன்ஸ்டகிராமை ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு வாங்கியபோது வாளாவிருந்த ஆணையம், 2020 டிசம்பரில் விழித்துக்கொண்டு, பிரித்துவிடு என்று வழக்காடியது. தீர்ப்பு எப்போது வந்தது? 2025 நவம்பரில். என்ன தீர்ப்பு? அந்நிறுவனம் இன்று ஏகபோகம் செலுத்துகிறது என்பதை ஆணையம் நிறுவவில்லை, வழக்குத் தோற்றது! பதின்மூன்று ஆண்டுகள். மஞ்சளும் குங்குமமும் பாலில் கரைத்துவிட்டுப் பின்னால் பிரித்தெடுக்க முனைந்த கதை. வாசலிலே நிறுத்த முடிந்ததை வீட்டுக்குள் விட்டபின் நிறுத்த முடியவில்லை.

சரி, நின்றுபோன கலியாணத்தால் எவர் குடி கெட்டது? கணக்குப் பார்ப்போம்.

என்விடியா கெட்டதா? 2023இல் அதன் சந்தை மதிப்பு ஓர் இலட்சம் கோடி டாலரைத் தொட்டது. 2025 அக்டோபரில் ஐந்து இலட்சம் கோடி டாலரைத் தொட்ட உலகின் முதல் நிறுவனம் என்ற பெயரும் அதற்கே கிடைத்தது. ஆர்மின் வரைபடத்தைக் கொண்டே கிரேஸ் என்றொரு செயலியையும் செய்தது. மற்றவர்களைப்போல் உரிமக் கட்டணம் கட்டிச் செய்தது! பேரம் முறிந்தபோதே இருபது ஆண்டுக்கான உரிமம் அதன் கையில் இருந்தது. அட, வாடகைக்கு இருந்தே மாடமாளிகை கட்ட முடிந்தவருக்கு, வீதி முழுவதையும் விலைக்கு வாங்கும் ஆசை எதற்கு?

சாஃப்ட்பேங்க் கெட்டதா? முன்பணம் 125 கோடி டாலரைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆர்ம் கெட்டதா? 2023 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தது; பங்கு ஒன்று 51 டாலர். அந்த விலையில் கம்பெனியின் மதிப்பு 5,400 கோடி டாலருக்கும் மேல். என்விடியா தருவதாகச் சொன்னது நாலாயிரம் கோடி!

இதற்கு மறுபக்கம் உண்டு, மறைக்கமாட்டேன். பேரம் முறிந்த அடுத்த மாதமே, தன் ஊழியரில் நூற்றுக்கு 12 முதல் 15 பேரை அனுப்பப்போவதாக ஆர்ம் அறிவித்தது. வேலை இழந்தவன் வீட்டிலே எரியாத அடுப்பைக் கண்டு, பங்குச் சந்தைப் புள்ளிகளைக் காட்டி ஆறுதல் சொல்லும் கல்நெஞ்சம் எனக்கில்லை. ஆனால், அந்தக் கத்தியைப் பிடித்த கை ஆணையத்தின் கையா? பங்குச் சந்தைக்குப் போகுமுன் உடலை இளைக்கவைத்துக் காட்டும் முதலாளியின் கையா? இன்னொன்றும் சொல்வார்கள்: ஆர்ம் இலண்டன் சந்தைக்கு வராமல் நியூயார்க்குக்குப் போய்விட்டதே, பிரிட்டன் இழந்துவிட்டதே என்று. பிரிட்டன் இழந்தது 2022இலா? 2016 ஜூலையிலேயே இழந்தது! ஐரோப்பாவை விட்டு வெளியேற வாக்களித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2,430 கோடி பவுனுக்கு ஆர்மைத் தூக்கி சாஃப்ட்பேங்கிடம் கொடுத்தார்கள். நிதியமைச்சர் பிலிப் ஹாம்மண்ட் கைதட்டி வரவேற்றார்! ஏகானைத் தோற்றுவித்தோரில் ஒருவரான ஹெர்மன் ஹவுசர் அன்றே வருந்தினார்; 2020இல் பிரதமருக்குத் திறந்த மடல் எழுதினார். கதவைக் கழற்றி விற்றவர்கள், பிறகு சன்னலுக்குத் தாழ்ப்பாள் தேடினார்கள்.

ஆர்ம் ஒரு புனிதப் பசு என்றும் நான் சொல்லவரவில்லை. தனியாக நின்ற ஆர்மே 2022 ஆகஸ்டில் தன் பெரிய வாடிக்கையாளனான குவால்காமை நீதிமன்றத்துக்கு இழுத்தது. 2024 டிசம்பரில் குவால்காமின் சில்லுகளுக்கு உரிமம் உண்டு என்று நடுவர் குழு கூறிற்று. சொந்த வயல் இல்லாத நீர்க்கட்டியே இவ்வளவு மல்லுக்கு நின்றான் என்றால், பண்ணையாளாகப் போயிருந்தால்? குவால்காம், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவை அந்தப் பேரத்தை எதிர்த்து முறையிட்டதாகச் செய்திகள் வந்தன. மலைப்பாம்பைக் கண்டு முதலைகள் அலறிய காட்சி! முதலைக்காக நான் கண்ணீர் விடவில்லை. ஆனால் முதலையே அஞ்சுகிற குளத்தில் கெண்டை மீன் எம்மாத்திரம்?

இனி, என் பக்கத்துத் தோழர்களுக்கும் ஒரு சொல். தடுத்தவன் எவனாயினும் மாலை போடுவது என்று நாம் கிளம்பிவிடலாகாது. நெதர்லாந்தின் என்.எக்ஸ்.பி. நிறுவனத்தை 4,400 கோடி டாலருக்கு வாங்கக் குவால்காம் முனைந்ததே, நினைவிருக்கிறதா? வேண்டிய ஒன்பது அனுமதிகளில் எட்டு வந்துவிட்டன. சீனம் மட்டும் 'ஆம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. 2018 ஜூலையில் கெடு முடிந்தது. 200 கோடி டாலர் ஈட்டுத்தொகையைக் கட்டிவிட்டுக் குவால்காம் விலகியது. அதே ஆண்டு டிசம்பரில் போனஸ் அயர்ஸ் நகரில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் விருந்துண்டார்கள். உண்டு எழுந்ததும் வெள்ளை மாளிகை அறிவித்தது: மீண்டும் வந்தால் ஒப்புதல் தரச் சீனத் தலைவர் ஆயத்தமாக இருக்கிறாராம்! போட்டிக்குக் கேடு என்பது காரணமாயிருந்தால், ஒரு விருந்திலே அந்தக் கேடு எப்படிச் செரித்தது? அதற்குப் பெயர் பூட்டு அன்று; பணயம்! அமெரிக்கா மட்டும் சளைத்ததா? அதே 2018 மார்ச்சில், அந்நாளில் சிங்கப்பூரில் தலைமையிடம் வைத்திருந்த பிராட்காம் 11,700 கோடி டாலருக்குக் குவால்காமை வளைக்க வந்தபோது, ஐந்தாம் தலைமுறை அலைபேசியில் சீனம் முந்திவிடும் என்று அஞ்சி, குடியரசுத் தலைவர் ஒரே ஆணையில் தடுத்தார். ஊருக்கெல்லாம் திறந்த சந்தை உபதேசம். தன் வீட்டுக் கொல்லையில் மட்டும் முள்வேலி!

ஆர்ம் விவகாரத்திலும் தேசத்தின் தன்னலம் கலக்கவில்லை என்று யார் சொன்னது? கலந்திருக்கும். ஆனால் அங்கே காரணம் ஏட்டிலே எழுதப்பட்டது. எந்தச் சந்தை, எந்தத் தீங்கு, எவ்வழியே என்று பத்தி பத்தியாகச் சொல்லப்பட்டது. மறுக்க விரும்பியவன் நீதிமன்றம் ஏறி மறுத்திருக்கலாம். ஏறவில்லையே!

நம் நாட்டுக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோர் பையில் கிடக்கும் கைப்பேசி ஓடுவது ஆர்மின் வரைபடத்தில்தான். அதில் நாம் அனுப்பும் செய்தி போவதோ வாட்ஸப்பில். 2014இல் அந்த வாட்ஸப்பை ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்கிய செய்தி, புது தில்லியில் இருக்கும் போட்டி ஆணையத்தின் வாசலைத் தட்டவே இல்லை! காரணம், அன்றைய சட்டம் இந்தியாவில் இருந்த சொத்தையும் விற்றுமுதலையும் மட்டுமே தராசில் வைத்தது. இலவசமாகச் செய்தி அனுப்பும் நிறுவனத்துக்கு விற்றுமுதல் ஏது? கோடிக்கணக்கான நம்மவர் அதில் பேசிக்கொண்டிருந்தோம். சட்டத்தின் கண்ணுக்கு நாம் தெரியவில்லை. 2023இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024 செப்டம்பர் 10 முதல், பேரத்தின் மதிப்பு 2,000 கோடி ரூபாய்க்கு மேலிருந்து, இந்தியாவில் கணிசமான தொழில் நடவடிக்கையும் இருந்தால், ஆணையத்துக்கு அறிவித்தே தீர வேண்டும் என்றார்கள். பத்தாண்டு பிந்தி வைத்த கதவு. ஆயினும் கதவு.

அந்தக் கதவுக்குப் பின்னே அமர்ந்திருக்கும் அதிகாரிகளிடம் நாம் கேட்பது இதுதான். அடுத்த பேரம் வரும்போது பட்டுச் சட்டைக்காரர்களின் வாக்குறுதிப் பத்திரத்தை மட்டும் படித்துவிட்டு முத்திரை குத்தாதீர்கள். அதே மதகுத் தண்ணீரை நம்பிச் சிறு பட்டறை போட்டிருக்கும் இளைஞனை அழையுங்கள். அவனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவன் சொன்னதையும், நீங்கள் அதை ஏற்றீர்களா தள்ளினீர்களா, ஏன் என்பதையும், நாங்கள் படிக்கத்தக்க மொழியில், முத்திரை குத்தும் முன்பே அச்சிட்டு வெளியிடுங்கள்.